தலை சுற்றினால் பிரஷரா?

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றதும், அவர் உடம்பில் ஓடும் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தத்தில் அரை லீற்றருக்கும் கூடுதலாகக் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் அளவும் குறைகிறது, பிரஷர் இறங்குகிறது. நிற்கும்போது மூளை இதயத்துக்கு ஓர் அடி மேலே இருப்பதால், அங்கே போய்ச் சேரும் அழுத்தம் பாதரச அளவில் இன்னும் 20 மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. மூளைக்குப் போகும் இரத்தம் முற்றாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். அப்படியிருந்தும் இலங்கையின் மலையகத்தில் ஆயிரமாயிரம் பேர் இருட்டோடு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுகிறார்கள். படுக்கையை விட்டு எழுந்ததும் எல்லோரும் விழுந்துகொண்டா இருக்கிறார்கள்?

விழாமல் பார்த்துக்கொள்வது ஒரு தெறிவினை. சூடான சட்டியில் பட்ட கை யோசிக்காமலே பின்னுக்கு வருவதைத் தெறிவினை என்று பாடசாலையில் படித்திருப்போம். பிரஷரைக் காக்கும் தெறிவினையும் அந்தக் குடும்பம்தான். ஆனால் அது எப்போதாவது வருவதில்லை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு முறை, தூக்கத்திலும் விழிப்பிலும், வாழ்நாள் முழுக்க நடக்கிறது. அதற்குத் தெரிந்த வேலை விநாடிக்கு விநாடி பிரஷர் சரியாமல் பிடிப்பது. வருடக்கணக்கில் பிரஷர் மெல்ல ஏறிக்கொண்டே போனால் அதைத் தடுக்க அதனால் முடியாது, நமக்கு அறிவிக்கவும் முடியாது. முதலாவது தெரியாததால் மயங்கி விழுந்தவரைத் தவறாகக் கையாளுகிறோம். இரண்டாவது தெரியாததால் தலை சுற்றாத நாட்களில் பிரஷர் குளிசையை நிறுத்திவிடுகிறோம். இந்த இரண்டாவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

தாடை எலும்பு வளையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். அங்கே மூளைக்குப் போகும் பெரிய நாடி இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் அதன் சுவர் சற்றுப் புடைத்திருக்கும். அந்தச் சுவருக்குள் மிக நுண்ணிய நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடி வளையும் இடத்திலும் இதே மாதிரி முனைகள் உண்டு. இவை அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதைத்தான் உணர்கின்றன. பிரஷர் ஏறினால் சுவர் அதிகம் இழுபடும், நரம்பில் சமிக்ஞை கூடும். பிரஷர் இறங்கினால் சமிக்ஞை குறையும்.

அந்தச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து கட்டளை இரண்டு வழியில் இறங்குகிறது. ஒன்று வேகஸ் நரம்பு. இதயத்தின் வேகத்தைக் குறைப்பது. மற்றது பரிவு நரம்புகள். இதயத்தை விரைவாகவும் பலமாகவும் துடிக்க வைத்து, உடம்பெங்கும் உள்ள சிறிய இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. நரம்புகளின் பிடி எதுவும் இல்லாமல் தன் போக்கில் விட்டால், இளவயதினரின் இதயம் நிமிடத்துக்கு நூறு தரம் அளவில் துடிக்கும். ஓய்வாக இருக்கும்போது எழுபதுதான் வருகிறதென்றால், வேகஸ் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு இந்த நரம்புத் தொடர்பு அறுந்துபோவதால், அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் துடிப்பு தொண்ணூறு, நூறு என்றிருக்கும்.

எழுந்து நின்ற உடனே உடல் முதலில் செய்வது வேகஸின் பிடியைத் தளர்த்துவது. ஒரு நொடிகூட ஆகாது, அடுத்தடுத்த துடிப்பிலேயே இதயம் வேகமெடுக்கும். குழாய்களைச் சுருக்கும் வேலை சற்று மெதுவானது. அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் சிலருக்குக் கண் லேசாக இருட்டிக்கொண்டு வந்து, அரை நிமிடத்துக்குள் தெளிகிறது. வளரும் பிள்ளைகளிடம், குறிப்பாக ஒல்லியாக உயர்ந்த பிள்ளைகளிடம், இது சகஜம். சாப்பாடும் தண்ணீரும் சரியாக இருந்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை.

இதெல்லாம் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. பிரஷர் குறைந்தால் துடிப்பு கூடும் என்பதை பிரான்ஸைச் சேர்ந்த மாரே 1859இல் எழுதினார். பெருநாடியிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகும் நரம்பை சியோன், லுட்விக் என்ற இருவர் 1866இல் கண்டார்கள். கழுத்து நாடியின் பங்கை ஜெர்மனியின் ஹெரிங் 1920களில் விளக்கினார். கழுத்திலும் பெருநாடியிலும் உள்ள உணரிகள் மூச்சை எப்படி ஆளுகின்றன என்று காட்டிய பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இழுபடும் சுவர் எப்படி நரம்புச் சமிக்ஞையாக மாறுகிறது என்பது மட்டும் நீண்ட காலம் பிடிபடாமல் இருந்தது. பியேசோ எனப்படும் புரதங்கள் அதைச் செய்கின்றன என்று தெரிந்தது அண்மைக் காலத்தில்தான்; அவற்றைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, மலைக்கு வருவோம்.

அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதத்து நாளங்களில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில், அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் இருக்கும். அவரே நடக்கத் தொடங்கினால் அது முப்பதுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். காரணம் கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தசை சுருங்கி, கால் நாளங்களில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாளங்களுக்குள் இருக்கும் வால்வுகள் அது மறுபடி கீழே இறங்காமல் தடுக்கின்றன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்தாலும், நிரைக்குள் அடி அடியாக நகர்ந்துகொண்டே இருக்கிறார். சரிவில் கால் ஊன்றி, திரும்பி, எட்டிப் பறிக்கிறார். கால் தசை ஓய்வதில்லை. அதனால் அங்கே மயக்கம் வருவது குறைவு.

கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பாருங்கள். மலையேறி இறங்கி வந்த உடம்பு. தசைகளுக்கு இரத்தம் கொண்டுபோன குழாய்கள் இன்னும் விரிந்தபடி இருக்கின்றன. வியர்வையில் நீர் போயிருக்கிறது. தலைக்கு மேல் உச்சி வெயில். இப்போது பாரத்தோடு வரிசையில் அசையாமல் நிற்க வேண்டும். கால் தசையின் உதவி நின்றுபோகிறது, இரத்தம் கீழே தேங்குகிறது, இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டப் பார்க்கிறது. கொட்டாவி வரும், காது அடைக்கும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை பூக்கும், வயிற்றைப் பிரட்டும், பக்கத்தில் பேசுபவர்களின் குரல் தூரத்தில் கேட்கும். அதற்கு மேல் சமாளிக்க முடியாத கட்டத்தில் தெறிவினை அப்படியே தலைகீழாகிறது. பரிவு நரம்புகள் கைவிடுகின்றன, வேகஸ் இறுக்கிப் பிடிக்கிறது. நூறைத் தாண்டி ஓடிய இதயம் ஐம்பதுக்கோ நாற்பதுக்கோ இறங்கும், குழாய்கள் விரியும், ஆள் கீழே விழுவார். சிலருக்கு ஊசியைக் கண்டாலோ, அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வழிவதைப் பார்த்தாலோ இதே வழியில்தான் மயக்கம் வருகிறது.

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறுபவர்களுக்கும் இது நடக்கும். மார்கழிப் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தில், விடுமுறை நாட்களில் கூட்டம் நெருக்கியடிக்கும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறிக்கொண்டிருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. மேல்பகுதியில் வரிசை நின்றுவிட்டால், முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் வர முடியாது. இரவெல்லாம் தூக்கமில்லாமல், வெறும் வயிற்றோடு, சட்டென்று நின்றுவிட்ட கால்களோடு நிற்பவர்தான் சரிகிறார். அப்படி நிற்க நேர்ந்தால் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை உண்டு. ஒரு காலுக்குக் குறுக்கே மற்றக் காலை வைத்து, தொடையையும் பிட்டத்தையும் இறுக்க வேண்டும். கை முட்டிகளை இறுகப் பொத்திக்கொள்ளலாம், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். தேங்கிய இரத்தம் மேலே போகும். மயக்கம் வருவதை முன்கூட்டி உணர்பவர்களுக்கு மருத்துவர்களும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்கும் கேட்காவிட்டால் வெட்கப்படாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முடிந்தால் படுத்துவிட வேண்டும்.

விழுந்தவரை நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, ஒரு கதிரையில் நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் தண்ணீரை ஊற்றுகிறோம். அன்பால் செய்வதுதான். ஆனால் கீழே விழுந்ததே உடலுக்குக் கிடைத்த வைத்தியம். படுத்த நிலையில் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் மூளைக்கு இரத்தம் உடனே போகும். மறுபடி நிமிர்த்தினால் அதைத் தடுக்கிறோம், மயக்கம் நீளும், சிலருக்குக் கை கால் வெட்டியிழுக்கவும் செய்யும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகலாம். மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கி ஒரு சாக்கு மூட்டையின் மேல் வைத்து, சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கினால் போதும். ஓரிரு நிமிடத்தில் தெளிவார். தெளிந்த பிறகு தண்ணீரோ தேத்தண்ணியோ கொடுக்கலாம். எழும்பும்போதும் மெதுவாக, உட்கார்ந்து இருந்து எழும்ப வேண்டும். நினைவு திரும்பாமல் நேரம் போனாலோ, மூச்சு சரியில்லாவிட்டாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லா மயக்கமும் இந்த வகை அல்ல. ஓடும்போதோ மலையேறிக்கொண்டிருக்கும்போதோ விழுந்தால், நெஞ்சுவலியோ படபடப்போ வந்து விழுந்தால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுந்தால், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தால், இதயத்தையே சோதிக்க வேண்டும். ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் விழுபவர்களில் பெண்கள் அதிகம் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. தெறிவினை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், குழாய்க்குள் போதிய இரத்தம் இருந்தால்தான் அதனால் கைகொடுக்க முடியும். மலையில் கழிப்பறை இல்லாத தோட்டங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணி, அப்புறம் பகல் சாப்பாட்டுக்கு வரும்வரை ஒன்றுமில்லை. மாதவிடாய் நாட்களில் இன்னும் குறைவு. அதற்கு மேல் இரத்தச்சோகை. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு கடும் சாயம் குடித்தால், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியால இடைவெளி விட்டாலே பலன் உண்டு. ஆனால் கழிப்பறைக்கு அந்த மாதிரி வழி கிடையாது. அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். "பொம்பளைங்க சரியா சாப்பிடறதில்ல, அதான் விழறாங்க" என்று சொல்லி நிர்வாகம் நகர்ந்துவிடும்போது, கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குளிருக்கு வருவோம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் பீலிக்கரையில், மலைநீர் குழாய் வழியாக விழும் இடத்தில், நின்று குளிப்பவரின் உடம்பில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தெறிவினைகள் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. குளிர்ந்த நீர் முதுகிலும் மார்பிலும் விழுந்ததும் மூச்சு இழுத்துக்கொள்கிறது, இதயம் வேகமாகிறது, தோலிலுள்ள குழாய்கள் சுருங்கி பிரஷர் சட்டென்று ஏறுகிறது. அதே நீர் முகத்தில், குறிப்பாக நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் படும்போது, முகத்து நரம்பு வழியாக வேகஸ் தூண்டப்பட்டு இதயம் மெதுவாகிறது. தண்ணீருக்குள் மூழ்கும் சீல்களிடம் மிகப் பலமாக இருக்கும் அதே தெறிவினைதான் நம்மிடமும் மிச்சமிருக்கிறது. திடீரென்று இதயம் தாறுமாறான வேகத்தில் ஓடும் ஒருவகைக் கோளாறில், மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தச் சொல்லி வைத்தியர்கள் அதை அடக்குவதும் உண்டு.

இளம் இதயம் இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். பிரஷரும் இதய நோயும் உள்ள வயதானவருக்கு ஆபத்து கூடுதல். குளிர்காலத்தில் பொதுவாகவே பிரஷர் சற்று ஏறித்தான் இருக்கும். அறுபது தாண்டியவர்கள் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பீலிக் குளிப்பை விட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு இளஞ்சூட்டு நீரில் குளிப்பது நல்லது. பீலியை விட முடியாதவர்கள் முதலில் காலிலும் கையிலும் ஊற்றி உடம்பைப் பழக்கிவிட்டுத் தலைக்கு ஊற்றலாம்.

இதே குளிரில் ஆண்களுக்கு நடக்கும் இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நடு இரவில் சிறுநீர் முட்டுகிறது. கம்பளிக்குள் உடம்பு சூடாக இருந்ததால் தோலின் குழாய்கள் விரிந்திருக்கின்றன. தூக்கத்தில் பிரஷர் எப்படியும் குறைவு. மாலையில் சாராயமோ கசிப்போ எடுத்திருந்தால் குழாய்கள் இன்னும் தளர்ந்திருக்கும். சடாரென்று எழுந்து, வாசலைத் தாண்டி, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் போய் நின்றுகொண்டே சிறுநீர் கழிக்கிறார். நிறைந்திருந்த சிறுநீர்ப்பை பரிவு நரம்புகளைத் தூண்டிப் பிரஷரைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தது. அது காலியாகும்போது அந்தத் தூக்கலும் போய்விடுகிறது. முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்கு வரும் இரத்தம் மேலும் குறையும். ஆள் அங்கேயே சரிவார். கீழே கருங்கல் படியோ கானோ (வடிகாலோ) இருந்தால் தலையில்தான் அடி. காலையில் கண்டெடுக்கும்போது "குடிச்சிட்டு விழுந்துட்டாரு" என்று முடித்துவிடுவார்கள். வயதான ஆண்கள் படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து எழும்ப வேண்டும், இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். கழிப்பறை வீட்டோடு இருக்க வேண்டும் என்பது இங்கேயும் மருத்துவக் காரணமாகிவிடுகிறது.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம். சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். கழுத்து நாடி பிரியும் அதே இடத்தில், அழுத்த உணரிகளுக்குப் பக்கத்தில், அரிசி மணியளவு சிறிய உறுப்பு ஒன்று இருக்கிறது. அது இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும், கூடவே துடிப்பும் கூடும். கொழும்பிலிருந்து வந்தவர் உச்சியில் கூடுதலாக மூச்சு வாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் 2,243 மீட்டரில் இது மெல்லிய விளைவுதான், பெரும்பங்கு படிகளுடையது.

மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குவது அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைக் கொண்டுதான். ஓர் இரசாயனம்தான் இதைச் செய்கிறது என்று ஓட்டோ லோவி 1921இல் காட்டினார். ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் நரம்பைத் தூண்டி மெதுவாக்கி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. சாதாரணமாக இந்த இரசாயனத்தை ஒரு நொதியம் உடனுக்குடன் அழித்துவிடும். சிலவகைப் பூச்சிகொல்லிகள் அந்த நொதியத்தைத் தடுக்கின்றன. பிறகு வேகஸின் பிடி விடுபடுவதேயில்லை. மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு உமிழ்நீர் ஒழுகி, கண்மணி சுருங்கி, வயிற்றால் போய், துடிப்பு மெதுவாகிக்கொண்டு போனால் அதை வெயில் மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிட்டு இருக்கக் கூடாது. உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கொடுக்கும் அற்றோப்பின் அந்த இரசாயனத்தின் வேலையை மறித்துத்தான் உயிரைக் காக்கிறது.

இனி, நான் முதலில் சொன்ன இரண்டாவது விஷயம். தோட்டத்து கிளினிக் ஒன்றில் அடிக்கடி நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"ஏன் பெரியம்மா குளிசை போடல?"

"எனக்கு ஒண்ணும் செய்யலைங்க மிஸ். தலை சுத்துனா ஒண்ணு போட்டுக்குவேன்."

கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால் 180/110. பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. ஏன்?

பிரஷர் மெல்ல ஏறி அங்கேயே நின்றுவிட்டால், கழுத்திலுள்ள அந்த உணரிகள் சில நாட்களுக்குள் புதிய அளவுக்குப் பழகிவிடுகின்றன. முன்பு 120ஐ இயல்பென்று வைத்திருந்தவை இப்போது 170ஐ இயல்பென்று வைத்துக்கொள்கின்றன. முள் பூச்சியத்தில் நிற்காத கொழுந்துத் தராசு மாதிரி இது. முள் ஏற்கனவே இரண்டு கிலோவில் நின்றாலும், கூடையில் ஒரு கிலோ கூட்டினால் அது ஒரு கிலோவைச் சரியாகத்தான் காட்டும். ஏற்ற இறக்கத்தில் பிழை தெரியாது, தொடங்கிய இடமே பிழை. பெரியம்மாவின் தெறிவினையும் 170ஐச் சுற்றி மிகக் கச்சிதமாக வேலை செய்கிறது. எழுந்தால் பிடிக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறது. அதனால் தலை சுற்றுவதில்லை. அந்த நேரமெல்லாம் மூளையின் சிறிய குழாய்களும் சிறுநீரகமும் இதயச் சுவரும் பழுதாகிக்கொண்டிருக்கின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது கௌலி, லியார்ட், கைட்டன் ஆகிய மூவர் நாய்களில் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வு. உணரிகளிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்டு, நாள் முழுக்கப் பிரஷரைப் பதிவு செய்தார்கள். எழுந்தால் இறங்கியது, சாப்பிட்டால் ஏறியது. பிரஷர் ஒரு நிலையில் நிற்கவேயில்லை. ஆனால் இருபத்துநான்கு மணித்தியாலச் சராசரி மட்டும் சாதாரண நாய்களின் சராசரியிலிருந்து பெரிதாக விலகவில்லை. அதாவது சராசரி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தத் தெறிவினைக்குப் பெரிய பங்கு இல்லை. கைட்டனின் கருத்துப்படி, நீண்டகாலப் பிரஷரை முடிவு செய்வது சிறுநீரகம். எவ்வளவு உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது, எந்த அழுத்தத்தில் வெளியேற்றுகிறது என்பதைப் பொறுத்தது அது. நீண்டகாலத்திலும் பரிவு நரம்புகளுக்கு ஒரு கை உண்டு என்று பின்னால் வந்தவர்கள் வாதிடுகிறார்கள், அந்த விவாதம் தொடர்கிறது. சிறுநீரகத்தின் இடத்தை மட்டும் யாரும் மறுப்பதில்லை.

அதனால்தான் கருவாடும் ஊறுகாயும் உப்புத் தூக்கலான சம்பலும் பேச்சில் வருகின்றன. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கறியில் போடுவது, ரொட்டி மாவில் போடுவது, கருவாட்டில் ஏற்கனவே இருப்பது எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. கருவாட்டை ஊற வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது ஓரளவு உதவும். பிரஷரும் இருந்து வெயிலில் மயங்கியும் விழுந்தவருக்கு "உப்புப் போட்டுக் குடி" என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அவருக்குத் தேவை தண்ணீர்தான், உப்பைப் பற்றி வைத்தியர் சொல்லட்டும்.

தலைச்சுற்று மருந்தாலும் வரும் என்பதுதான் குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. பிரஷர் குளிசைகளில் பல இந்தத் தெறிவினையின் ஏதோ ஒரு கண்ணியில் கைவைக்கின்றன. பிறசோசின் குழாய்களைச் சுருக்கும் சமிக்ஞையை மறிப்பதால், முதல் குளிசை போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் விழக்கூடும். அதனால்தான் அதை இரவு படுக்கும்போது தொடங்கச் சொல்கிறார்கள். விரைவாகச் செயற்படும் நிபெடிபின் குழாய்களைத் திடுமென விரிக்கும்போது, பிரஷர் விழுவதைக் கண்ட தெறிவினை இதயத்தை ஓட வைக்கும்; நோயாளிக்கு அது படபடப்பாகத் தெரியும். அற்றெனொலோல் போன்றவை துடிப்பு கூடுவதையே தடுக்கின்றன. அவற்றைத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த பரிவு நரம்புகளின் விளைவு ஒரேயடியாகக் கிளம்பி நெஞ்சுவலி வரைக்கும் போகலாம். தலை சுற்றுகிறது என்றால் தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ள வேண்டும்.

நீண்ட நாள் நீரிழிவு இருப்பவர்களில் சிலருக்குத் தெறிவினையின் நரம்புகளே சேதமாகிவிடும். அவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போது பிரஷர் உயர்வு, நின்றால் தாழ்வு. உட்கார வைத்து மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் எழும்பும்போது விழுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கும், வயதானவர்களுக்கும், விழுந்ததாகச் சொல்பவர்களுக்கும் பிரஷரை இரண்டு முறை பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்தோ உட்கார வைத்தோ ஒரு தரம். எழுந்து நின்ற பிறகு மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும். மேல் எண் இருபதோ அதற்கு மேலோ, அல்லது கீழ் எண் பத்தோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால், நிற்கும்போது பிரஷரைப் பிடிக்கும் வேலை சரியாக நடக்கவில்லை. கிளினிக்கில் கூட்டமாக இருக்கிறதென்று இது விட்டுப்போகலாம். "நின்னும் ஒரு தரம் பாருங்க மிஸ்" என்று நோயாளியே கேட்கலாம், அதில் தவறில்லை.

முதல் அளவும் சரியாக இருந்தால்தான் இதற்குப் பயன். மேற்கணக்கிலிருந்து (தோட்டத்தின் மேல்பகுதியிலிருந்து) செங்குத்துப் பாதையில் இறங்கி, மூச்சு வாங்க வந்து, கதிரையில் உட்கார்ந்த கையோடு கட்டிப் பார்த்தால் அது நடந்த உடம்பின் அளவு. அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியும் புகையும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். அப்படி வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால், தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், அது உயர் இரத்த அழுத்தம்தான்.